ஔரங்கசீப்பின் மகள் கவிஞராமே, அப்புறம் ஏன் சிறையில் இருந்தார்?

ஆமாம், மூத்த மகள் ஜெபுன்னிசா. 1638-இல் தௌலதாபாத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே குர்ஆன் முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டார். அந்த மகிழ்ச்சியில் அப்பா கொடுத்த பரிசு 30,000 பொற்காசுகள். சிக்கனத்துக்குப் பேர்போன மனிதர் அவர் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்!

அரபி, பாரசீகம் இரண்டும் நன்றாகத் தெரியும். சொந்தமாக நூலகம் வைத்து, அறிஞர்களுக்குச் சம்பளம் கொடுத்து எழுத வைத்தார். அப்படி ஒரு பெரிய குர்ஆன் விரிவுரை பாரசீகத்துக்கு வந்தது. அதற்கு அவர் பெயரையே சூட்டினார்கள்: ஜெபுத் தஃபாசீர்.

அவருடைய புனைபெயர் 'மக்ஃபி', அதாவது மறைந்திருப்பவள். திரைக்குப் பின்னால் வாழ்ந்த இளவரசிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? ஆனால் அந்தப் பெயரில் கிடைக்கும் கவிதைத் தொகுப்பு முழுவதும் அவருடையதுதானா என்பதில் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு.

சரி, சிறைக்கு வருவோம். காதல்தான் காரணம் என்று கதை சொல்வார்கள். அந்தக் கதையில் அண்டாவில் வெந்து செத்ததாகச் சொல்லப்படும் காதலர் அகில் கான், உண்மையில் பல வருடம் டெல்லி சுபேதாராக (ஆளுநராக) இருந்தவர். காரணம் அரசியல்தான். 1681-இல் தம்பி அக்பர் (பேரரசர் அக்பர் அல்ல, அதே பெயர் கொண்ட இளவரசர்) அப்பாவுக்கு எதிராகக் கிளம்பினார். தோற்று ஓடிய பிறகு, அக்கா அவருக்கு எழுதிய கடிதங்கள் சிக்கின. வருடத்துக்கு 4 லட்சம் ரூபாய் மானியம் நின்றது, சொத்து பறிமுதல், டெல்லி சலீம்கர் கோட்டையில் அடைப்பு. 1702-இல் இறக்கும்வரை அங்கேதான். அப்பாவோ தக்காணத்துக்குப் போனவர், டெல்லிக்குத் திரும்பவே இல்லை.