மருந்து பூசிய பலூன்: அப்பாவை ஆய்வில் சேர்க்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. பல வருடமாகச் சர்க்கரை நோய். கொஞ்ச தூரம் நடந்தாலே இடது ஆடுசதை இழுத்துப் பிடிக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. புண் எதுவும் இல்லை. தொடை ரத்தக்குழாயில் 9 செ.மீ. நீளத்துக்குச் சுருக்கம் என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. சிரோலிமஸ் என்ற மருந்து பூசிய பலூனையும் சாதாரண பலூனையும் ஒப்பிடும் ஆய்வில் சேரச் சொல்லி, கத்தையாக ஒரு ஒப்புதல் படிவம் கொடுத்திருக்கிறார்கள். எந்தப் பலூன் என்பதைக் குலுக்கல் முறையில்தான் முடிவு செய்வார்களாம், எங்களுக்குச் சொல்ல மாட்டார்களாம். மருந்து பூசிய பலூனால் மரணம் கூடுகிறது என்று வேறு படித்தேன். கையெழுத்துப் போடலாமா? அப்பா இன்னும் சிகரெட்டை விடவில்லை.
- ஒரு வாசகி

பதில்: இந்த வாரமே கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நடக்கும்போது மட்டும் வலி, நின்றால் நிவாரணம், பாதத்தில் புண் இல்லை என்றால் காலை இழக்கும் ஆபத்து இப்போதைக்குக் குறைவு. இரவில் படுத்திருக்கும்போதே பாதம் வலிப்பது, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் குறைவது, ஆறாத புண், விரல் கறுப்பது ஆகியவை வந்தால் கதை வேறு. அப்போது நாள் தள்ளக் கூடாது. அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். கணுக்கால், கை ரத்த அழுத்த விகிதம் 0.90-க்குக் கீழே இருந்தால் அடைப்பு என்று அர்த்தம். ஆனால் சர்க்கரைக்காரர்களுக்கு ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து, இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும். கால் பெருவிரலிலும் அழுத்தம் பார்த்தார்களா என்று கேளுங்கள். பெருவிரல், கை அழுத்த விகிதம் 0.70 அல்லது அதற்குக் கீழே என்றால் ரத்த ஓட்டம் குறைவு.

இனி பலூனுக்கு வருவோம். தொடை ரத்தக்குழாயைச் சாதாரண பலூனால் விரிப்பது 1970-களிலிருந்து நடக்கிறது. திறப்பது பெரிய சிக்கல் இல்லை. திறந்தது திறந்தபடி நிற்பதுதான் சிக்கல். பலூன் ஊதும்போது படிவு விரிசல் விடுகிறது, உள்சுவர் கிழிகிறது. சில நேரம் பலூனைச் சுருக்கி எடுத்ததுமே குழாய் மறுபடி சுருங்கிவிடும். அது தப்பினாலும், காயம்பட்ட சுவரிலிருந்து தசைச் செல்கள் பெருகி, சில மாதங்களில் உட்புறத்தை மீண்டும் அடைத்துக்கொள்கின்றன. பலூனில் பூசிய மருந்து இந்த மூன்றாவது பிரச்சினைக்கு மட்டும்தான். உடனடிச் சுருக்கத்தையோ கிழிசலையோ அது சரி செய்யாது, அதற்குச் சில சமயம் ஸ்டென்ட் (குழாயைத் தாங்கிப் பிடிக்கும் வலைக்குழல்) வைக்க வேண்டியிருக்கும். சுண்ணாம்பு வளையமாகச் சுற்றியிருந்தால் மருந்து சுவருக்குள் இறங்குவதே கடினம். அப்பாவின் ஸ்கேனில் சுண்ணாம்புப் படிவு எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பலன் எவ்வளவு கிடைக்கும் என்பது பெருமளவு அதைப் பொறுத்தது.

ஆய்வுகள் என்ன சொல்லியிருக்கின்றன? இதுவரை அதிகம் சோதிக்கப்பட்ட மருந்து பாக்லிடாக்சல். 2008-இல் வெளியான தண்டர் ஆய்வில் 154 பேர். ஆறு மாதத்தில், அதே இடத்தில் மறுபடி சிகிச்சை தேவைப்பட்டவர்கள் சாதாரண பலூனில் 37 சதவீதம், மருந்து பூசியதில் 4 சதவீதம். பிறகு வந்த இன்பேக்ட் எஸ்எஃப்ஏ ஆய்வில் 331 பேர். ஓராண்டில் குழாய் திறந்திருந்தது மருந்துப் பலூனில் 82.2 சதவீதம், சாதாரணத்தில் 52.4 சதவீதம். மறுசிகிச்சை 2.4 சதவீதத்துக்கு எதிராக 20.6 சதவீதம். இதைப் பார்த்தால் யாருக்கும் மருந்துப் பலூன்தான் வேண்டும் என்று தோன்றும்.

ஆனால் 2015-இல் வந்த லெவன்ட் 2 ஆய்வையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 476 பேர். குழாய் திறந்திருந்தது மருந்துப் பலூனில் 65.2 சதவீதம், எதிர்த் தரப்பான சாதாரண பலூனில் 52.6 சதவீதம். மறுசிகிச்சை 12.3, எதிர்த் தரப்பில் 16.8, அதாவது நம்பிச் சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை. பலூன் வேறு, மருந்தின் அளவும் வேறு: இன்பேக்டில் சதுர மில்லிமீட்டருக்கு 3.5 மைக்ரோகிராம், இதில் 2. மருந்தோடு கலக்கும் துணைப்பொருளும் வேறு. இன்னொரு முக்கியமான விஷயமும் உண்டு. லெவன்ட் 2-இல் பின்தொடர்ந்து பரிசோதித்த மருத்துவர்களுக்கும் எந்தப் பலூன் என்று தெரியாது. பூச்சு கண்ணுக்குத் தெரியும் என்பதால் பலூன் போடுகிற மருத்துவரிடம் மறைக்க முடியாது. அவரே பின்னால் “மறுபடி திறக்கணுமா” என்று முடிவு செய்தால், சாதாரண பலூன் போட்டவரைக் கொஞ்சம் சீக்கிரமே சிகிச்சை மேஜைக்கு அழைத்துவிட வாய்ப்பு இருக்கிறது. அது மனித இயல்பு. ஆகவே உங்கள் படிவத்தில் தேட வேண்டிய முதல் வரி இது: மறுசிகிச்சை தேவையா என்று தீர்மானிப்பவருக்கு எந்தப் பலூன் என்று தெரியுமா, தெரியாதா?

அடுத்தது, ஆய்வு எதை வெற்றி என்று எண்ணுகிறது? “குழாய் திறந்திருக்கிறது” என்பது டாப்ளர் ஸ்கேனில் ரத்தம் பாயும் வேகத்தை வைத்துச் சொல்லும் கணக்கு. சுருங்கிய இடத்தில் வேகம், அதற்கு முந்தைய இடத்தைப் போல 2.4 மடங்குக்கு மேல் போனால் மீண்டும் சுருங்கிவிட்டது என்று எழுதுவார்கள். அப்பாவுக்குத் தேவை நடை. இன்பேக்ட் ஆய்விலேயே நடையில் கிடைத்த முன்னேற்றம் இரு தரப்பிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சாதாரண பலூன் தரப்பு அதை எட்ட அதிக மறுசிகிச்சை தேவைப்பட்டது, அவ்வளவே. ஸ்வீடனில் நாடு தழுவி நடந்த ஸ்வீட்பேட் ஆய்வுகளின் இறுதி முடிவு 2025-இல் வந்தது. நடந்தால் வலி உள்ளவர்களிடம் ஓராண்டில் வாழ்க்கைத் தரம் இரு தரப்பிலும் ஒரே மாதிரி இருந்தது. கால் ஆபத்தில் இருந்தவர்களிடம் கால் அகற்றும் எண்ணிக்கையும் குறையவில்லை. ஆக, மருந்துப் பலூனிடம் எதிர்பார்க்கக்கூடிய ஆதாயம் மறுசிகிச்சை குறையலாம் என்பதே. அது சின்ன விஷயமில்லை. இன்னொரு முறை மருத்துவமனை, இன்னொரு முறை எக்ஸ்ரேயில் குழாய் தெரிய ஏற்றும் சாயம், இன்னொரு முறை தொடையிடுக்கில் ஊசி என்று எதுவும் வேண்டாம் என்றிருப்பது பெரிய நிம்மதிதான். ஆனால் அப்பா அதிக தூரம் நடப்பார் என்ற வாக்குறுதி அதில் இல்லை.

மரணம் பற்றி நீங்கள் படித்தது உண்மையான செய்திதான், பாதிச் செய்தி. 2018 டிசம்பரில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பாக்லிடாக்சல் பூசிய பலூன், ஸ்டென்ட் தொடர்பான 28 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மொத்தம் 4,663 பேர். ஓராண்டில் வித்தியாசம் இல்லை. ஐந்தாண்டில் மருந்துத் தரப்பில் 14.7 சதவீதம், எதிர்த் தரப்பில் 8.1 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். உலகம் முழுக்கப் பல ஆய்வுகள் நிறுத்திவைக்கப்பட்டன. ஆனால் அந்த ஐந்தாண்டுக் கணக்கு மூன்றே ஆய்வுகளிலிருந்து வந்தது, பாதியில் தொடர்பு விட்டுப்போனவர்களும் நிறைய. அவர்களில் பலரைத் தேடிப் பிடித்து மறுபடி கணக்கிட்டபோது வித்தியாசம் குறைந்தது. 2020-இல் ஸ்வீட்பேட்டின் இடைக்கால முடிவில் 2,289 பேரில் இறப்பு மருந்துத் தரப்பில் 25.5 சதவீதம், எதிர்த் தரப்பில் 24.6 சதவீதம், அதாவது நம்பிச் சொல்லக்கூடிய வேறுபாடு இல்லை. 2023 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, கிடைத்துள்ள தரவு கூடுதல் மரண அபாயத்தைக் காட்டவில்லை என்று அறிவித்தது. பிறகு ஸ்வீட்பேட்டின் இறுதி முடிவில், நடந்தால் வலி உள்ள தரப்பினரிடம் ஐந்தாண்டு வரையிலான இறப்பு மருந்துத் தரப்பில் சற்று அதிகமாகத் தெரிந்தது. முழுக் காலத்தையும் சேர்த்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் உறுதியாக நிற்கவில்லை. இந்த மருந்து எப்படி மரணத்துக்குக் காரணமாகும் என்று யாராலும் காட்ட முடியவில்லை. அளவும் சொற்பம். 6 மி.மீ. விட்டமும் 120 மி.மீ. நீளமும் உள்ள பலூனில், 3.5 மைக்ரோகிராம் கணக்கில் மொத்தமே சுமார் 8 மில்லிகிராம். பயந்து ஓட வேண்டியதில்லை, ஆனால் ஐந்தாண்டு வரை பின்தொடராத ஆய்வை நான் ஏற்க மாட்டேன்.

சிரோலிமஸ் வேறு மருந்து. பாக்லிடாக்சல் செல் பிரிவதைச் சிதைக்கிறது, சிரோலிமஸ் செல் பெருகுவதை நிறுத்தி வைக்கிறது. இதய ஸ்டென்ட்களில் பாக்லிடாக்சலை ஓரங்கட்டி நிலைத்தது சிரோலிமஸ் குடும்பம்தான். ஆனால் ஸ்டென்ட் அங்கேயே இருந்து மருந்தை மெதுவாக விடும், பலூன் சில நிமிடங்களில் வெளியே வந்துவிடும். சிரோலிமஸ் சுவரில் எளிதில் தங்காது. அதனால் அதை நுண்துகள்களுக்குள் அடைத்து அனுப்புகிறார்கள். கால் விஷயத்தில் அதற்கு பாக்லிடாக்சல் அளவுக்கு நீண்ட காலத் தரவு இல்லை. ஆகவே பாக்லிடாக்சலின் நன்மையையும் பயத்தையும் இதற்கு அப்படியே எடுத்துவைக்க முடியாது. இதற்காகத்தான் ஆய்வே நடக்கிறது.

படிவத்தை எடுத்துக்கொண்டு ஆய்வு ஒருங்கிணைப்பாளர் முன் உட்காருங்கள். குலுக்கல் எப்போது நடக்கிறது? சாதாரண பலூனால் முதலில் விரித்து, பெரிய கிழிசல் இல்லை என்று பார்த்த பிறகா, அதற்கு முன்பா? முன் விரிப்பு சரியாக வராதவர்களை வெளியே விட்டுவிடும் ஆய்வுகளில் முடிவு அழகாக வரும், ஆனால் அது எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தாது. கிழிந்தால் ஸ்டென்ட் வைப்பார்களா, அந்தச் செலவு யாருடையது? பலூன், ஸ்கேன்கள், ஐந்தாண்டுப் பரிசோதனைகள் யார் பொறுப்பு? சிகிச்சையால் பாதிப்பு வந்தால் இழப்பீடு யார் தருவார்கள், எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது? நடுவில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடரும் என்று எழுத்தில் இருக்கிறதா? ஆய்வின் பதிவு எண்ணை வாங்கி, பொதுப் பதிவேட்டில் தேடுங்கள். ஆய்வு தொடங்கும்போது அறிவித்த முதன்மை அளவுகோலும் (எதை வெற்றி என்று எண்ணுவது என்பது) படிவத்தில் இருப்பதும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். ஆய்வில் சேராமலே மருந்துப் பலூன் கிடைக்குமா என்றும் கேளுங்கள். இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்பவர்களிடம் தைரியமாகச் சேரலாம். சுளித்தால் அதுவே பதில்.

அடைப்பு முழங்காலுக்குக் கீழேயும் இருக்கிறதா என்பதை மறக்காமல் கேளுங்கள், சர்க்கரைக்காரர்களுக்கு அது அடிக்கடி இருக்கும். தொடையில் கிடைத்த நன்மை அங்கே கிடைக்கவில்லை. 358 பேரிடம் நடந்த இன்பேக்ட் டீப் ஆய்வில் பலன் தெரியவில்லை. பெரிய அளவில் கால் அகற்ற நேர்ந்தவர்கள் மருந்துத் தரப்பில் 8.8 சதவீதம், எதிர்த் தரப்பில் 3.6. தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்றாலும், தயாரித்த நிறுவனம் அந்தப் பலூனைத் திரும்பப் பெற்றது.

அப்பா செய்து பார்த்ததாக நீங்கள் சொல்லாத சிகிச்சை ஒன்று இருக்கிறது: நடைப்பயிற்சி. வாரத்தில் மூன்று நாளாவது, ஒவ்வொரு முறையும் 30 முதல் 45 நிமிடம். வலி மிதமாக வரும்வரை நடந்து, நின்று, வலி முழுக்க விட்டதும் மறுபடி நடப்பது. வலி வந்ததுமே நின்றுவிடக் கூடாது, பல்லைக் கடித்துக்கொண்டு போகவும் கூடாது. பன்னிரண்டு வாரம் விடாமல் செய்தால் பலருக்கு நடை தூரம் நன்றாகவே கூடுகிறது. பாதத்தை உறுத்தாத மூடிய காலணி, நடந்து வந்ததும் பாதத்தைத் தடவிப் பார்ப்பது இரண்டும் கட்டாயம், மரத்துப்போன காலில் கொப்புளம் தெரியாது. சிகரெட்டை விடவில்லை என்றால் எந்தப் பலூனும் வெகுநாள் நிற்காது. அதற்கு உதவும் மாத்திரை, நிக்கோடின் பட்டை உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள். கொழுப்புக்கு ஸ்டாட்டின், ரத்தத் தட்டுகள் ஒட்டாமலிருக்க ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரல் தொடங்கியாயிற்றா என்றும் பாருங்கள். மூன்று மாதம் இப்படிப் போன பிறகும் நடை முன்னேறவில்லை என்றால், அப்போது பலூனைப் பற்றிப் பேசுவது நியாயம். அதுவரை இடம் காத்திருக்குமா என்று ஆய்வுக் குழுவிடமே கேட்கலாம்.

சேர்வது என்று முடிவானால், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதைச் சொல்லுங்கள், சிறுநீரகப் பரிசோதனை பார்த்து அதை நிறுத்துவதா என்று சொல்வார்கள். பெரும்பாலும் எதிர்ப் பக்கத் தொடையிடுக்கு வழியாகக் கம்பியை அனுப்பி, முதலில் சற்றுச் சிறிய பலூனால் விரிப்பார்கள். அடுத்து மருந்துப் பலூன் என்றால் பூச்சில் கை படக் கூடாது, அதை நனைக்கவும் கூடாது. ரத்தத்தில் போகும்போதே மருந்து கரைந்து உதிர்வதால் சுணங்காமல் இடத்துக்குக் கொண்டுபோய், வழக்கமாக இரண்டு, மூன்று நிமிடம் ஊதி வைப்பார்கள். சுருக்கத்தின் இரு முனையிலும் ஒரு செ.மீ. அளவுக்குத் தாண்டி மருந்து படவேண்டும். விரித்த இடத்தில் மருந்து படாமல் விட்டுப்போனால் அங்கேதான் மறுபடி சுருங்கும். பிறகு குறைந்தது ஒரு மாதம் இரண்டு ரத்தத் தட்டு மாத்திரைகள், ஸ்டென்ட் வைத்தால் இன்னும் கூடுதலாக. பல் பிடுங்குவதற்காகக்கூட மருத்துவரைக் கேட்காமல் அவற்றை நிறுத்தக் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு தொடையிடுக்கு வீங்கினாலோ, இடுப்பு, முதுகுப் பக்கம் புதிதாக வலித்தாலோ உள்ளே ரத்தம் கசியலாம். கால் திடீரென வெளுத்து, சில்லிட்டு, மரத்துப்போனால் குழாய் முழுக்க அடைத்திருக்கலாம். அதற்கு மணிக்கணக்கில்தான் அவகாசம். ஆய்வின் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஆய்வு அடையாள அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சிகிச்சைக்குத் தேவைப்பட்டால், அதில் உள்ள எண்ணைக் கூப்பிட்டு எந்தப் பலூன் போடப்பட்டது என்பதை அங்குள்ள மருத்துவர் அப்போதே தெரிந்துகொள்ள முடியும்.