கால்வாய்த் தண்ணீர் சேறாகிறதா?

ஹட்டனில் இருந்துகொண்டு எண்ணெய் வர்ணத்தில் வெனிஸ் கால்வாய்ப் படம் வரைவதாகவும், கட்டடங்களின் பிரதிபலிப்பு சேறாகிவிடுவதாகவும், பத்து நாளாகியும் காயவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

ஈரத்தின் மேலேயே திரும்பத் திரும்பத் தேய்க்கிறீர்கள் போல. எண்ணெய் வர்ணம் துணி காய்வதுபோல் காய்வதில்லை. காற்றிலுள்ள ஒக்சிசனோடு சேர்ந்துதான் இறுகும். நம்ம மலைக்குளிரில் அது இன்னும் மெதுவாகும். முதல் பூச்சை அம்பர் (umber) என்ற மண்பழுப்பு வர்ணத்தில் டர்பன்டைன் கலந்து மெல்லியதாகப் போடுங்கள், சீக்கிரம் காயும். ஐவரி கறுப்பு வேண்டாம், காயாமல் கிடந்து படுத்தும். ஆளிவிதை எண்ணெய் மேல் பூச்சுக்கு மட்டும். (சீக்கிரம் காயட்டுமென்று படத்தை அடுப்படியில் மட்டும் வைத்துவிடாதீர்கள். நான் வைத்து, புகை படிந்து, வெனிஸ் வானமே பழுப்பாகிப் போனது.)

சரி, பிரதிபலிப்பு. சுவரின் நிறத்தைத் தண்ணீருக்குள் நேர் கீழாக இழுங்கள். அப்புறம் காய்ந்த அகலத் தூரிகையால் குறுக்கே ஒரே ஒரு தடவல், அவ்வளவுதான். இரண்டாவது தடவலில்தான் சேறு தொடங்குகிறது. வெளிச்சமான சுவர் தண்ணீரில் ஒரு படி மங்கும், இருண்ட வாசல் ஒரு படி வெளிறும். காற்றில்லாத காலையில் காசல்ரீ நீர்த்தேக்கத்தோரம் நின்று பாருங்கள்: கரையில் கறுப்பாக நிற்கும் மரம் தண்ணீருக்குள் அவ்வளவு கறுப்பாக இருக்காது.