மாட்டு வால் விலையும் மெஷின் கேட்ட டிப்ஸும்

கேள்வி: கனடாவில், டொரொன்டோவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கரீபியன் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. போன சனிக்கிழமை அம்மாவோடு போய் ஒக்ஸ்டெயில் பார்சல் எடுத்தேன். கோழியை விட விலை மிக அதிகம், வந்ததில் பாதி எலும்பு. காசு கட்டும்போது கார்டு மெஷின் 18 சதவீதத்தில் தொடங்கி டிப்ஸ் கேட்டது. ஏமாந்துவிட்டேனா? அம்மா மாட்டிறைச்சி தொடமாட்டார். அவருக்கு அங்கே என்ன வாங்கலாம்?

பதில்: ஒக்ஸ்டெயிலில் நீங்கள் ஏமாறவில்லை. அது மாட்டு வால். ஒரு மாட்டுக்கு ஒரு வால்தான், அதிலும் எலும்பே அதிகம். மணிக்கணக்காக மெல்லிய தீயில் வேகவேண்டும். ஒரு காலத்தில் யாரும் சீண்டாத மலிவான துண்டு. இன்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள், விலையும் ஏறிவிட்டது. அந்த எலும்பிலிருந்து இறங்கும் பசைதான் குழம்பின் ருசி. அதனால் சின்னப் பெட்டியாக வாங்கி, சோற்றின்மேல் குழம்பு கூட ஊற்றித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

டிப்ஸ் வேறு கதை. அதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. கவுண்டரில் நின்று பார்சல் எடுத்தவர் கூச்சப்படாமல் 'வேண்டாம்' என்பதை அழுத்தலாம். உட்கார்ந்து சாப்பிட்டு, ஒருவர் பரிமாறியிருந்தால் கொடுங்கள், அது அவர் உழைப்பு. ஆனால் கணக்கைப் பாருங்கள். 20 டொலர் சாப்பாட்டுக்கு 13 சதவீத வரி சேர்ந்தால் 22.60. பல மெஷின்கள் அந்தத் தொகைக்கே 18 சதவீதம் போட்டு 4.07 கேட்கும். சாப்பாட்டுக்கு மட்டும் என்றால் 3.60தான். தொகையை நீங்களே அடிக்கலாம்.

சரி, அம்மாவுக்கு வருவோம். முதலில் அது எந்த ஊர்க்காரர் கடை என்று கேளுங்கள். ஜமைக்கா கடையில் 'ரைஸ் அன்ட் பீஸ்' இருக்கும். பெயரில் பீஸ் என்றாலும் பெரும்பாலும் சிவப்பு ராஜ்மாவைத் தேங்காய்ப் பாலில் போட்டு ஆக்கிய சோறு. சிலர் அதில் உப்பிட்ட மாட்டிறைச்சியோ பன்றியோ போடுவார்கள். கேட்காமல் வாங்கவேண்டாம். பட்டி என்று கண்ணாடிப் பெட்டியில் சூடாக இருக்கும், உள்ளே மசாலா வைத்த மடித்த பேஸ்ட்ரியும் வழக்கமாக மாட்டிறைச்சிதான். காய்கறி பட்டி என்று கேட்டு வாங்குங்கள்.

டிரினிடாட் அல்லது கயானா கடை என்றால் அம்மாவுக்கு யோகம். 1845 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக டிரினிடாட் போனவர்களின் கைச்சமையல் அங்கே இருக்கிறது. பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பல் ஏறியவர்கள், மதராஸில் ஏறியவர்களும் உண்டு. பருப்பை அரைத்து உள்ளே வைத்த தால்பூரி ரொட்டியை உருளைக்கிழங்கும் கடலையும் போட்டுச் சுற்றித் தருவார்கள். நம் வாய்க்கு அது அந்நியமே இல்லை. டிரினிடாட் கடையில் டபுள்ஸும் இருக்கும். பாரா என்ற மெத்தென்ற பொரித்த ரொட்டி இரண்டுக்கு நடுவே கொண்டைக்கடலைக் கறி. மொத்த பில் 4 டொலருக்குள் நின்றால் வரி 13 அல்ல, 5 சதவீதம்தான்.

டபுள்ஸில் வைக்கும் மிளகாய்ச் சாந்து மிகக் காரம். 'ஸ்லைட்' என்று சொன்னால் துளிதான் வைப்பார்கள். டபுள்ஸை வீட்டுக்குக் கொண்டு போகவேண்டாம், ஊறிப் பிய்ந்துவிடும். கடை வாசலிலேயே சூடாக அம்மா சாப்பிடட்டும்.