மாலையானால் இமை தொங்குகிறது, மாத்திரையைக் கூட்டலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 56. சாயங்காலமானால் இமை தொங்குகிறது, பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிகிறது. அசிடைல்கோலின் ரிசப்டார் ஆன்டிபாடி பாசிட்டிவ், மயஸ்தீனியா (தசை தளரும் நோய்) என்றார்கள். பைரிடோஸ்டிக்மின் 60 மி.கி. மூன்று வேளை. நாலு மணி நேரம்தான் தாங்குகிறது. நாங்களே கூட்டலாமா? போன வாரம் சளிக்கு அசித்ரோமைசின் போட்டதும் இன்னும் மோசமானது. அதனாலா?

பதில்: நீங்களாகக் கூட்டாதீர்கள். அம்மாவின் நரம்பில் பழுதில்லை. நரம்பு நுனியிலிருந்து வரும் அசிடைல்கோலின் என்ற தூது ரசாயனம், தசைமேல் இருக்கும் நிக்கோடினிக் ரிசப்டார் என்ற ஏற்பியில் ஒட்டும். ஐந்து புரதத் துண்டுகள் வளையமாகச் சேர்ந்த கதவு அது. இரண்டு மூலக்கூறுகள் ஒட்டினால் திறந்து சோடியம் உள்ளே பாயும், தசை சுருங்கும். கிருமிகளை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்தான் ஆன்டிபாடி; அம்மாவுக்கு அது தவறுதலாக இந்தக் கதவுகளை அழிக்கிறது. தசையைத் தொடர்ந்து பயன்படுத்தும்போது அசிடைல்கோலின் வரத்து எல்லோருக்கும் சற்றுக் குறையும். கதவுகள் குறைந்தவருக்கு மட்டும் அது சோர்வாகத் தெரியும்.

இது பிடிபட்ட விதம் சுவையானது. 1973-ல் பேட்ரிக், லிண்ட்ஸ்ட்ரோம் என்ற ஆய்வாளர்கள் ரிசப்டாரை ஆராய ஆன்டிபாடி வேண்டி, மின்விலாங்கின் ரிசப்டாரை முயல்களுக்கு ஊசியில் ஏற்றினார்கள். அப்படி உண்டான ஆன்டிபாடி முயல்களின் சொந்த ரிசப்டாரையும் தாக்கியதால், முயல்களுக்கே தசை தளர்ந்துபோனது.

பைரிடோஸ்டிக்மின் கதவைச் சரிசெய்வதில்லை. அசிடைல்கோலினை உடைக்கும் என்சைமைத் தடுக்கிறது, அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் வேலை தொடங்கி, 3–4 மணி நேரத்தில் அடங்கிவிடும். மெல்ல, விழுங்கச் சிரமம் இருந்தால் சாப்பாட்டுக்கு அரை மணி முன் கொடுங்கள். அளவு மிஞ்சினால் எச்சில் ஒழுகும், வயிற்றுப்போக்கு வரும், தசை துடிக்கும், கடைசியில் தசை தளரவும் செய்யும். அது நோயின் தளர்ச்சியா, மருந்தின் தளர்ச்சியா என்று வீட்டில் பிரித்தறிய முடியாது.

ஆன்டிபாடியை அடக்க ஸ்டீராய்டு, அசதையோபிரின் தேவையா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்டீராய்டை அதிக அளவில் ஆரம்பித்தால் முதல் இரண்டு வாரம் நோய் கூடக்கூடும். அதனால் பெரும்பாலும் சிறிய அளவில் தொடங்குவார்கள். நெஞ்சு சி.டி. எடுக்கவில்லையென்றால் எடுங்கள்: இந்நோய் உள்ளவர்களில் 10–15 சதவீதம் பேருக்குத் தைமஸில் (நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள சுரப்பி) கட்டி இருக்கும்.

அசித்ரோமைசின் மீதான உங்கள் சந்தேகம் நியாயமானதே, சளித்தொற்றுக்கும் பங்கு இருக்கலாம் என்றாலும். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஜென்டாமைசின், அமிக்கசின், ப்ரோப்ரனலால், ரத்தக்குழாயில் ஏற்றும் மெக்னீசியம் ஆகியவையும் ஆகாதவை. ஒரு சீட்டில் எழுதி அம்மாவின் பர்ஸில் வையுங்கள், மருந்துக்கடையிலும் காட்டுங்கள்.

குடித்த தண்ணீர் மூக்கு வழியே வந்தாலோ, ஒரே மூச்சில் 20 வரை எண்ண முடியாவிட்டாலோ, கூடுதல் மாத்திரை கொடுத்துக் காத்திராமல் ஐ.சி.யூ. உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள்.