ஜூன்டீன்த் டி-ஷர்ட் ஆர்டர் வந்தால் திருப்பூர் யூனிட் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கேள்வி: அமெரிக்க பையர் ஒருவர் ஜூன்டீன்த் நாளுக்கு (ஜூன் 19, அமெரிக்கக் கறுப்பின மக்கள் கொண்டாடும் விடுதலை நாள்) 3,000 டி-ஷர்ட் கேட்கிறார். டிசைனையும் எங்களையே போடச் சொல்கிறார். எடுக்கலாமா?

ஆர்டரை எடுங்கள், டிசைன் பொறுப்பை எடுக்காதீர்கள். தையல் கோளாறை ரீவொர்க் பண்ணிக்கொள்ளலாம். பிரிண்டில் உள்ள வாசகம் தப்பாகிப் போனால் 3,000 பீஸும் கழிவுதான்.

1865 ஜூன் 19 அன்று டெக்சஸின் கால்வெஸ்டனில் ஜெனரல் கார்டன் கிரேஞ்சர், அடிமைகள் அனைவரும் விடுதலை பெற்றவர்கள் என்ற ஆணையை அறிவித்தார். லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1-லேயே வந்துவிட்டது. நாடு முழுக்க அடிமைமுறையை ஒழித்த அரசியலமைப்பின் 13-வது திருத்தம் உறுதியானது 1865 டிசம்பரில். ஆகவே ‘ஜூன் 19-ல் அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்தது’ என்று அச்சடித்தால் அது பிழை. கறுப்பின மக்கள் தலைமுறைகளாகக் கொண்டாடி வந்த இந்த நாள், தேசிய விடுமுறையானது 2021-ல்தான். பெரிய கடைகள் பாய்ந்து வந்ததும் அதன் பிறகே.

2022-ல் வால்மார்ட் ‘ஜூன்டீன்த்’ என்று பெயரிட்டு, ரெட் வெல்வெட் சுவையில் ஐஸ்கிரீம் விற்றது. எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டு எடுத்துவிட்டது. டப்பாவில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் வணிகக்குறி அடையாளம் இருந்தது கோபத்தை இன்னும் கிளறியது. ஊரார் பண்டிகைக்கு ஒருவர் பட்டா போட்டுக்கொண்டால் சும்மா இருப்பார்களா? டிஸ்னியும் 2013-ல் மெக்சிகோவின் முன்னோர் நாளான ‘தியா தெ லோஸ் முயெர்தோஸ்’ பெயருக்கு வணிகக்குறி கேட்டு விண்ணப்பித்து, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றது. டிசைனைக் கறுப்பின ஓவியர் யாரிடமாவது காசு கொடுத்து வாங்கித் தரும்படி பையரிடம் கேளுங்கள். டிசைனுக்கும் வாசகத்துக்கும் அவரே பொறுப்பு என்று பிஓவிலும் (பையர் தரும் ஆர்டர் ஆவணம்) ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

நிறத்தில் பலரும் வழுக்குகிறார்கள். ஜூன்டீன்த் கொடி சிவப்பு, வெள்ளை, நீலம். நடுவில் டெக்சஸைக் குறிக்கும் வெள்ளை நட்சத்திரம். சிவப்பு, கறுப்பு, பச்சை என்பது 1920-ல் மார்கஸ் கார்வியின் இயக்கம் ஏற்ற பான்-ஆப்பிரிக்கக் கொடி. இரண்டையும் மக்கள் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இரண்டாவதை ‘ஜூன்டீன்த் கொடி’ என்று டேகில் எழுதாதீர்கள். தர்பூசணிப் படம் வேண்டவே வேண்டாம். அந்த நாளின் சிவப்பு உணவுகளில் அதற்கும் இடம் உண்டு. ஆனால் வெளியார் விற்கும் பொருளில் வந்தால், கறுப்பினத்தவரைக் கேலி செய்த பழைய படங்கள்தான் நினைவுக்கு வரும்.

சிவப்புத் துணியில் வெள்ளை நட்சத்திரம் கேட்டால் யோசியுங்கள். ரியாக்டிவ் சிவப்பை (காட்டனுக்குப் போடும் சாயம்) சாயப்பட்டறையில் சரியாக சோப்பிங் செய்யாவிட்டால், அதாவது ஒட்டாத சாயத்தை அலசி எடுக்காவிட்டால், துவைக்கும்போது நட்சத்திரம் ரோஸ் நிறமாகலாம். வாஷ் ஃபாஸ்ட்னெஸ் டெஸ்டில் (துவைத்தால் சாயம் போகிறதா என்ற சோதனை) பக்கத்து வெள்ளைத் துணிக்கு 5-க்கு 4 மதிப்பெண் வராத லாட்டைப் பிரிண்டிங்குக்கு அனுப்பாதீர்கள். பாலிகாட்டன் (பாலியெஸ்டர் கலந்த காட்டன்) என்றால் சிக்கல் வேறு: பிளாஸ்டிசால் இங்கைச் சூட்டில் இறுக்கும் கியூரிங்கில் 160 டிகிரி சூடு பட்டதும் பாலியெஸ்டர் சாயம் மேலேறி வெள்ளையைக் கெடுக்கும், குறைந்த சூட்டிலேயே இறுகும் லோ-கியூர் இங்க் வேண்டும். பேசாமல் 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) காட்டனில் கறுப்பு, வெள்ளைத் துணி இரண்டோடு நிறுத்துவதே நல்லது. துணி சுமார் 700 கிலோ பிடிக்கும். கறுப்புத் துணியில் முதலில் வெள்ளை பேஸ், அதைச் சூட்டில் சட்டென்று உலர்த்தும் ஃப்ளாஷ், அதன் மேல் நிறம்.

12 வயது வரையுள்ள குழந்தைகளுக்கான சைஸ் இருந்தால், அமெரிக்காவில் ஏற்கப்பட்ட ஆய்வகத்தில் டெஸ்ட் செய்தாக வேண்டும். துணி, பட்டன் எதிலும் ஈயம் 100 பிபிஎம்மைத் (பத்து லட்சத்தில் 100 பங்கு) தாண்டக் கூடாது. இந்தச் செலவு யார் தலையில் என்பதை விலை பேசும்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். குடும்பமாக ஒரே மாதிரி அணிபவர்கள் நிறைய. 2எக்ஸ்எல், 3எக்ஸ்எல்லைக் குறைக்காதீர்கள்.

தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். மே 15-க்குள் கடைக்கு வர வேண்டும். தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கரைக்கு 35 முதல் 45 நாள், கஸ்டம்ஸும் கோடவுனும் 10 நாள். மார்ச் 20-க்குள் கன்டெய்னர் கிளம்பியாக வேண்டும். உற்பத்திக்கு 45 நாள், சாம்பிளுக்கும் ஸ்ட்ரைக்-ஆஃபுக்கும் (பிரிண்டின் சோதனை அச்சு) 4 வாரம். ஜனவரி முதல் வாரத்தில் டிசைன் கையில் இல்லையென்றால் ஏர் ஷிப்மென்டில் லாபம் போய்விடும். ஜூன் 20-க்குப் பிறகு இந்தச் சரக்கை யாரும் சீந்த மாட்டார்கள். அதனால் 1,000 பீஸை மட்டும் பிரிண்ட் செய்து, மிச்சம் 2,000 பீஸைப் பிளெயினாக அனுப்பி, தேவைக்கேற்ப அங்கேயே டிடிஎஃப் (ஃபிலிமில் அச்சிட்டுச் சூட்டில் துணியில் ஒட்டும் முறை) அடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மீந்தால் வேறு டிசைனுக்கு ஆகும்.