லேசாக இடித்த கார், மூன்றாம் நாள் வந்த வலி

கேள்வி: பினாங்கு, ஜெலுத்தோங்கில் இருக்கிறேன். வயது 26. கம்பெனி அணிக்காகப் பூப்பந்து ஆடுகிறேன். திங்கட்கிழமை வேலை முடிந்து மோட்டாரில் வரும்போது, சமிக்ஞை விளக்கில் நின்றிருந்த என்னைப் பின்னால் வந்த கார் லேசாக இடித்தது. வலது கையை ஊன்றி விழுந்தேன். சிராய்ப்புதான், மறுநாள் பயிற்சிக்கும் போனேன். புதன்கிழமை காலையில் கழுத்தைத் திருப்புவது சிரமமாகிவிட்டது. ராக்கெட்டைப் பிடித்தால் மணிக்கட்டும் வலிக்கிறது. பயிற்சி வலிதான், கோடாலித் தைலம் தேய்த்துவிட்டு வா என்கிறார் கோச். அடுத்த மாதம் போட்டி. ஆடலாமா, டாக்டர்?

பதில்: கழுத்தைவிட உங்கள் மணிக்கட்டுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

கையை ஊன்றி விழும்போது மணிக்கட்டின் சிறு எலும்புகளில் அதிகம் உடைவது ஸ்கேஃபாய்டு என்ற எலும்பு. கட்டைவிரல் பக்கம், முந்திரிப் பருப்பு அளவுக்குத்தான் இருக்கும். உடைந்தாலும் பல சமயம் பெரிதாக வீங்காது, கையும் கோணாது. சுளுக்கு என்று விட்டுவிடுவார்கள். கட்டைவிரலை நன்றாக விரித்துப் பாருங்கள். அதன் அடியில், மணிக்கட்டை ஒட்டி ஒரு சிறு குழி விழும். அங்கே அழுத்தினால் சுருக்கென்று வலிக்கிறதா? அப்படியென்றால் இன்றே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். வலிக்காவிட்டாலும் ராக்கெட் பிடிக்க முடியாத கையை ஒரு டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

முதல் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போவது சகஜம். அதனால் படத்தில் ஒன்றும் இல்லாவிட்டாலும், சந்தேகம் இருந்தால் கையை அசையாமல் கட்டிவைத்து, 10 முதல் 14 நாளில் மறுபடி எடுத்துப் பார்ப்போம். வசதி இருந்தால் எம்ஆர்ஐ. இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு: இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்துதான் உள்ளே வருகிறது. நடுவில் உடைந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டு ரத்தம் கிடைக்காமல் செத்துப்போகலாம். அப்புறம் ஸ்மேஷ் அடிப்பதை விடுங்கள், கதவைத் திறப்பதே வேதனையாகிவிடும்.

சரி, கழுத்து. பின்னாலிருந்து இடிபடும்போது உடம்பு முன்னே போக, தலை பின்னுக்கு வெட்டி மறுபடி முன்னே வருகிறது. கழுத்துத் தசையும் தசைநாரும் இழுபடுகின்றன. அந்த நேரத்துப் பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் வலியை அமுக்கிவிடும். உள்ளே அழற்சி ஏற ஏற, மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் கழுத்து இறுகும். பயிற்சி வலியும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்துக்கு வரும் என்பதால் உங்கள் கோச் குழம்பியதில் வியப்பில்லை. ஆனால் பயிற்சி வலி உழைத்த தசை முழுவதும் பரவலாக இருக்கும், உடம்பு சூடானதும் கொஞ்சம் இளகும், சில நாளில் அடங்கும். ஒரே புள்ளியில், மூட்டிலோ எலும்பிலோ குத்தினால், ஆட ஆட ஏறினால், அது பயிற்சி வலி அல்ல. விளையாட்டுக்காரர்கள் வலியைப் பொறுத்துப் பழகியவர்கள், இங்கே அந்தப் பழக்கமே தொல்லை.

கையில் மதமதப்போ பலவீனமோ இருந்தால், பின்கழுத்தின் நடு எலும்பைத் தொட்டால் வலித்தால், தலையை இரு பக்கமும் பாதியளவாவது திருப்ப முடியாவிட்டால், தலைவலி கூடிக்கொண்டே போய் வாந்தி, தூக்கக் கலக்கம், பார்வை மங்கல் என்று வந்தால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மோட்டாரை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். தலையில் அடிபட்டதன் அறிகுறி சில சமயம் நாள் கழித்தும் வரும். ஹெல்மெட் தரையில் மோதியிருந்தால் அதை மாற்றிவிடுங்கள். உள்ளே நசுங்கிய நுரை பழையபடி ஆகாது.

இவை எதுவும் இல்லையென்றால் கழுத்துக்குப் பட்டை வேண்டாம், படுத்தே கிடக்கவும் வேண்டாம். வலி தாங்கும் அளவுக்கு மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருங்கள். பனடால் (பாராசிட்டமால்) போடலாம், 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளில் எட்டைத் தாண்டக் கூடாது. அதைப் போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போவது மட்டும் வேண்டாம். தைலம் தடவுவதில் பாதகமில்லை, ஆனால் டாக்டர் பார்க்கும் முன் யாரிடமும் கழுத்தைக் கொடுத்து நெட்டி முறிக்கச் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. வேலையிலிருந்து வீடு திரும்பும் வழியில் நடந்த விபத்துக்கு, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் உரிமை கோரலாம். போலீசில் புகார் செய்ய 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் கொடுக்கும் அவகாசம் 24 மணி நேரம். செய்யவில்லை என்றால் இன்றாவது போங்கள். கழுத்து, மணிக்கட்டு இரண்டையும் டாக்டரின் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

போட்டியிலிருந்து பெயரை இப்போதே எடுக்க வேண்டாம். எலும்பு முறிவு இல்லை என்று உறுதியாகி, ராக்கெட்டை வலியில்லாமல் இறுக்கிப் பிடிக்க முடிந்தால் கால் பயிற்சி, லேசான ரேலி, பிறகு ஸ்மேஷ் என்று படிப்படியாக ஏறலாம். முறிவு என்றால் இந்தப் போட்டி இல்லை.