கிரைண்டர் ஏன் சீக்கிரம் புகையுது?

கேள்வி: சார், பாறசாலை பக்கம் வெட்டுகல் (வீடு கட்டுற சிவப்புக் கல்) வேலைக்குப் போறேன், கல் அறுக்குற 4 இஞ்ச் கிரைண்டர் ஒரு வருஷம்கூட தாங்கல, ஆர்மேச்சர் (மோட்டாருக்குள்ள சுத்துற, செம்புக் கம்பி சுத்தின பாகம்) எரிஞ்சிடுது. விலை கூடினதா வாங்கணுமா?
- வாசகர், களியக்காவிளை

பதில்: விலைய விடுங்க தம்பி, முதல்ல தூசியப் பாருங்க. வெட்டுகல் அறுக்கும்போது பறக்குற செம்பொடி ஃபேன் இழுக்குற காத்தோட நேரா மோட்டாருக்குள்ள போயி ஆர்மேச்சர் வார்னிஷ அரிச்சு, பேரிங் கிரீஸயும் கெடுத்துடும், அப்புறம் எந்த கம்பெனி மெஷினும் நிக்காது. தினமும் வேலை முடிஞ்சதும் பிளக்க உருவிட்டு ஏர் அடிங்க, கண்ணாடி, மாஸ்க் கட்டாயம். கார்பன் பிரஷ் (ஆர்மேச்சருக்கு கரண்ட் கொடுக்குற கரித்துண்டு) தேய்ஞ்சு குட்டையாயிட்டா உள்ள பொறி பறக்கும், காம்யூட்டேட்டர் (பிரஷ் உரசுற செம்பு வளையம்) கருகிடும், அதுக்கு முன்னாடியே ரெண்டு பிரஷையும் ஜோடியா மாத்திடுங்க, ஆர்மேச்சர் விலைக்கு முன்னாடி அந்தச் செலவு ஒண்ணுமே இல்ல.

அப்புறம் வயர். பக்கத்து வீட்டுலேர்ந்து மெல்லிசு வயர 50 மீட்டர் இழுத்தா வோல்டேஜ் இறங்கும், வேகம் குறையும், ஃபேன் காத்தும் குறைஞ்சு மோட்டார் சூடேறும். 2.5 ஸ்கொயர் எம்எம் தடிச்ச வயரா போடுங்க. அறுத்ததும் சட்டுனு ஆஃப் பண்ணாம, மோட்டார் சூடு ஆற லோடு இல்லாம ஒரு நிமிஷம் ஓடவிடுங்க.

புதுசு வாங்குறப்போ ஸ்பிண்டில (பிளேடு மாட்டுற தண்டு) பிடிச்சு ஆட்டிப் பாருங்க, ஆட்டம் இருந்தா வேண்டாம். மார்த்தாண்டத்துலயே ஸ்பேர் கிடைக்குற மாடலா கேட்டு வாங்குங்க.